ருடால்ப் டீஸல்

சாலையிற் சரக்கேற்றிச் செல்லும் லாரியின் முழக்கத்தை நாம் நாடோறும் கேட்கின்றோம். அதனை இயக்கும் டீஸல் எந்திரத்தின் பெயரை அறியாதார் இலர். அஃது ஒரு மனிதரின் பெயரென அறிந்தாரோ சிலரே. எந்திரவலிமையை விழைவோர், இன்ன ஆண்டின் எந்திரம் இன்ன ஆண்டினதினும் சிறந்ததென ஒப்பிட்டு வாதிடுதல் இக்கால வழக்கு. அவ்வொப்பீட்டைத் தம் படைப்பின்மீதே முதற்கண் நிகழ்த்தியவர் டீஸல். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

டீஸல் 1858-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் ஜெர்மானியப் பெற்றோர்க்குப் பிறந்தார். 1870-இல் பிரான்சுக்கும் ஜெர்மானிய நாடுகட்கும் போர் மூளவே, அக்குடும்பம் லண்டனுக்கு ஏகியது. பன்னிரண்டாண்டுச் சிறுவரான டீஸல், ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினரிடம் கல்வி பயில அனுப்பப்பெற்றார். பின்னர் மியூனிக் தொழிற்கல்லூரியில், குளிராக்கும் எந்திரங்களிற் புகழ்பெற்ற லிண்டே என்னும் ஆசிரியரிடம் பயின்று, 1880-இல் மிகச் சிறப்பாகத் தேறினார். நீராவி எந்திரம் தான் உண்ணும் வெப்பத்திற் பத்திலொரு பங்கையேனும் தொழிலாக மாற்றுவது அரிதென அக்கல்லூரியிற் கற்றது, அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

காற்றை மட்டும் உருளையில் மிக இறுக்கினால் அது கொதிப்பேறும். அந்நிலையில் எண்ணெயைச் செலுத்தின், தீப்பொறி வேண்டாமலே அது பற்றியெரியும். இதுவே டீஸல் கண்ட நெறி. 1893-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். காற்றின் அழுத்தத்தை 250 மடங்குவரை உயர்த்தலாமென்பது அவர் முதலிற் கொண்ட கொள்கை.

கொள்கை ஏட்டில் எளிது, இரும்பில் அரிது. ஆக்ஸ்பர்க் எந்திரசாலையில் 1893 ஆகஸ்டு 10-இல் முதற்சோதனை நிகழ்ந்தது. எண்ணெய் பற்றியது, ஆயின் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. எந்திரம் தானே ஓடிற்றில்லை. திருத்திய எந்திரம் 1894 பிப்ரவரி 17-இல் ஒரு நிமிட நேரம், 88 சுற்றுக்கள், தன் வலிமையால் ஓடியது. மூன்றாண்டு கழித்து அதே நாளில், 1897 பிப்ரவரி 17-இல், பேராசிரியர் ஷ்ரோட்டர் புதிய எந்திரமொன்றை அளந்தார். அது ஏறத்தாழ 20 குதிரைத்திறன் உடையது. வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கைத் தொழிலாக்கியது.

இம்மூன்றையும் ஒப்பிடின் ஓர் உண்மை புலனாகும். பிஸ்டன் ஓடும் நீளம் முதலெந்திரத்திலும் இறுதியெந்திரத்திலும் 400 மில்லிமீட்டரே. உருளையின் அகலமோ 150-இலிருந்து 250 மில்லிமீட்டராயிற்று. முதலில் இல்லாத நீர்க்குளிர்ச்சி பின்னர்ச் சேர்ந்தது. யாவற்றினும் மேலாக, 250 மடங்கு அழுத்தமென்னும் தம் அருமைக் கொள்கையை டீஸல் கைவிட்டு, அதன் ஏழிலொரு பங்களவிலே அமைந்தார். அளவைகள் காட்டியதை ஏற்றமையாலேயே வெற்றி கண்டார்.

ஆயின் எந்திரசாலையிற் காட்டிய பொறுமைக்கு வாணிகத்தில் இடமில்லாதுபோயிற்று. உரிமை பெற்ற பல நாட்டுக் கம்பெனிகள் விரைந்து செய்து விற்ற தொடக்ககால எந்திரங்கள் அடிக்கடி பழுதுற்றன. வசை அவர் தலைமேல் விழுந்தது. உடல் நலிந்தது, நிலம் முதலியவற்றில் இட்ட பொருளும் அழிந்தது. எனினும் 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் அவரது எந்திரம் உயர்பரிசு பெற்றது. அங்கு ஒரு சிறிய எந்திரம் நிலக்கடலை எண்ணெயாலும் ஓடியது. 1912-இல் டீஸல் எந்திரங்கள் பூட்டிய ஸெலாண்டியா என்னும் டேனியக் கப்பல் பெருங்கடலிற் சென்றது.

1913 செப்டம்பர் 29-ஆம் நாளிரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறிய டீஸல், விடியலிற் காணப்படவில்லை. சில நாட்களின் பின் கடலிற் கண்ட உடலொன்றிலிருந்து எடுத்த பொருள்களை, அவர் மைந்தர் தந்தையினவென அறிந்தார்.

அவர் கால எந்திரம் எண்ணெயைக் காற்றால் ஊதிச் செலுத்தியமையின், அதற்கெனப் பளுவான காற்றிறுக்கி வேண்டியிருந்தது. அது நீங்கிய பின்னரே, 1923, 1924-ஆம் ஆண்டுகளில், ஜெர்மனியில் டீஸல் லாரிகள் தோன்றின. அவற்றைக் காண அவர் இருந்தாரில்லை.

ஓராண்டின் எந்திரம் மற்றோராண்டினதை வெல்லுதல் இயல்பு. அவ்வெற்றிக்கு, முன்னையதன் குறையை மறையாது அளந்த ஒருவர் வேண்டும். அவ்வளவையைத் தம் கொள்கைக்கே இட்டமையால், டீஸலின் பெயர் சாலைதோறும் வழங்குகின்றதென நாம் கருதுகின்றோம்.