அச்சு யந்திரம் வாங்கக் கடல் கடந்தவர்

சிதம்பரத்துக்குப் போகிறவர்கள் நடராஜப் பெருமானைத் தரிசித்த கையோடு, ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கும் அண்ணாமலை நகரையும் ஒரு நடை பார்த்து வருவது வழக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெருங்கொடையால் 1929-ல் எழுந்த சர்வகலாசாலை அது. 1979-ல் தொலைதூரக் கல்வியையும் ஆரம்பித்து, தபால் போகும் ஊருக்கெல்லாம் பாடத்தை அனுப்பிவைத்தது.

அந்தச் சர்வகலாசாலை தோன்றுவதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்னால், அதே சிதம்பரத்தில், அச்சுப் புத்தகத்தை நம்பி ஒருவர் பள்ளிக்கூடம் வைத்தார். அவர் உள்ளூர்க்காரர் அல்ல. யாழ்ப்பாணத்து நல்லூரில், 1822 டிசம்பர் 18-ந் தேதி கந்தப்பிள்ளையின் மகனாகப் பிறந்த ஆறுமுகம். பின்னாளில் தமிழுலகம் அறிந்த ஆறுமுக நாவலர்.

சைவக் குடும்பத்துப் பிள்ளையான அவர் ஆங்கிலம் படித்தது பாதிரிமார் பள்ளியில். அங்கே பார்சிவல் பாதிரியார் அவருடைய தமிழறிவைக் கண்டு மகிழ்ந்து, ஆசிரியர் வேலையும் கொடுத்தார். பைபிளைத் தமிழாக்கும் பணியிலும் துணையாக வைத்துக்கொண்டார். ஆறுமுகம் அந்த வேலையை ஒழுங்காகவே செய்தார். ஆனால் செய்துகொண்டே வேறொன்றையும் கவனித்தார். பாதிரிமார் கையில் பள்ளிக்கூடம் இருந்தது, பிரசங்கம் இருந்தது, அச்சு யந்திரமும் இருந்தது. 1841 முதல் 'உதயதாரகை' என்ற பத்திரிகைகூட வந்துகொண்டிருந்தது. சைவர்களிடம் இருந்ததோ ஏட்டுச் சுவடி. அதுவும் பெட்டிக்குள்ளே!

1847-ம் ஆண்டின் கடைசி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் முதல் பிரசங்கம் செய்தார். மறு வருஷமே பாதிரியாரிடம் பார்த்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி வந்துவிட்டது. புத்தகம் எங்கே?

இந்தக் கேள்விதான் அவரைக் கடல் கடக்க வைத்தது. 1849-ல் மாணவர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகம் வந்தார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்ய, அங்கே கிடைத்தது நாவலர் பட்டம். சென்னையில் சூடாமணி நிகண்டை உரையுடன் அச்சிட்டு, ஓர் அச்சு யந்திரத்தையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். வித்தியாநுபாலன யந்திரசாலை என்று அதற்குப் பெயர் வைத்தார்.

அந்த யந்திரத்தால் நடந்த மாறுதலை இன்று நாம் எளிதில் உணரமாட்டோம். ஏட்டில் புள்ளி பெரும்பாலும் இராது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஆசிரியர் பிரித்துச் சொன்னால்தான் பாட்டு விளங்கும். நாவலர் சந்தி பிரித்தார். காற்புள்ளி, அரைப்புள்ளி முதலியவற்றைத் தமிழ் வசனத்தில் பழக்கப்படுத்தினார். சிறுவர்களுக்குப் படிப்படியாகப் பாலபாடங்கள் எழுதினார். 1852-ல் பெரிய புராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். அதுவரை புலவர் வாய் திறந்தால்தான் கேட்க முடிந்த கதையை, எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் தன் வீட்டுத் திண்ணையிலேயே படிக்கலாயிற்று. பரிமேலழகர் உரையுடன் திருக்குறள் 1861-ல் வந்தது. நாவலர் பதிப்பு என்றால் பிழையிராது என்று புலவர்களே சொல்லும்படி அவ்வளவு கவனமாகப் பார்த்துப் பதிப்பித்தார்.

இதற்கிடையில், 1857-ல் சென்னைச் சர்வகலாசாலை உதயமாயிற்று. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, பார்சிவல் பாதிரியார் சென்னையில் நடத்திய 'தினவர்த்தமானி'யில் பணியாற்றியவர். பின்னால் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ் பெற்றவர். நாவலரோ பட்டத்தை நாடவில்லை. 1864-ல் சிதம்பரத்தில் தம் இரண்டாவது சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அந்த நாளில் சிதம்பரத்துக்கு ரயில் கிடையாது. ஊர் ஊராகப் போய்ப் பொருள் சேர்த்துத்தான் அந்தக் காரியத்தை முடித்தார்.

மூன்று வருஷம் கழித்து, 1867-ல், அச்சு யந்திரம் வேறொருவரின் பாடல்களையும் உலகுக்குக் கொண்டுவந்தது. சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள மருதூரில், நாவலர் பிறந்த பத்தாவது மாதம் பிறந்தவர் இராமலிங்க அடிகள். தம் பாடல்களை அச்சிட அவர் எளிதில் இசையவில்லை. தம் பெயரை இராமலிங்கசாமி என்று போடுவதும் அவருக்குச் சம்மதமில்லை. அன்பர்கள் விடவில்லை. 'திருவருட்பா' என்ற பெயரில், திருமுறை என்ற வகுப்போடு நூல் வெளிவந்தது.

நாவலருக்கு அந்தப் பெயர்தான் உறுத்தியது. அருட்பா என்பதும் திருமுறை என்பதும் தேவார திருவாசகம் முதலியவற்றுக்கே உரியவை என்பது அவர் கட்சி. 1869-ல் 'போலியருட்பா மறுப்பு' வெளியாயிற்று. நாவலர் சிதம்பரத்துத் தீட்சிதர்களின் வழிபாட்டு முறையையும் கண்டித்து வந்ததால் அவர்களுக்கும் அவர் மேல் மனத்தாங்கல். கோயிலில் கூடிய ஒரு கூட்டத்தில் தம்மை இழித்துப் பேசினார்கள் என்று நாவலர் வழக்குத் தொடுக்க, விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போயிற்று. எதிரிகளில் வள்ளலாரும் ஒருவர். அவர் கோர்ட்டுக்குள் நுழைந்ததும் நாவலரே எழுந்து நின்றார் என்று வள்ளலார் அன்பர்கள் சொல்லுவார்கள். நாவலர் அன்பர்கள் சொல்லும் கதை வேறு. வழக்கு முடிந்தும் சண்டை ஓயவில்லை. கண்டனமும் கண்டனத்துக்குக் கண்டனமுமாகச் சிறு புத்தகங்கள் குவிந்தன. வள்ளலார் 1874-ல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று மறைந்த பிறகும் அவை நிற்கவில்லை. இப்போது கைபேசியில் ஒரு வசைமொழி ஊர் சுற்ற ஒரு நிமிஷம் போதும். அன்று எழுத்துக் கோத்து, அச்சிட்டு, தைத்து, சுமந்து போய்க் கொடுக்க வேண்டும். அத்தனை சிரமத்தையும் இரு தரப்பாரும் முகம் கோணாமல் பட்டார்கள்!

நூலை அச்சேற்றி எல்லாருக்கும் எட்டும்படி செய்தவர், தம் பள்ளிக் கதவை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிடவில்லை. அவரைப் போற்றுகிறவர்கள் இதைச் சொல்லத் தயங்குவதுண்டு. ஆனால் அவர் நூலைக் காசு கொடுத்து வாங்கியவன் என்ன சாதி என்று புத்தகத்துக்குத் தெரியாதே! கல்வி அவர் போட்ட எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

1877-ல் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது, கண்டனம் எழுதிய கையாலேயே கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளின் பசியாற்றினார். கல்யாணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த அவர், 1879 டிசம்பர் 5-ந் தேதி காலமானார். சிதம்பரத்துப் பள்ளியையும் சென்னை அச்சகத்தையும் சதாசிவப்பிள்ளை ஏற்று நடத்தினார். முப்பது வருஷங்களுக்கு முன் அந்த முதல் யந்திரத்தை வாங்கக் கூடக் கப்பலேறிய அதே மாணவர்தான். நாவலர் பெயரைத் தாங்கிய பள்ளி சிதம்பரத்தில் இன்றும் நடக்கிறது.