அந்த நாலு வருஷம் எங்கே இருந்தாய்?

இந்த மாதம் ஜெர்மனி தேசத்துப் போதகர் மார்ட்டின் நீமோலரைக் குறித்து எழுத ஆவியானவர் என்னை ஏவினார்.

1892-ல் ஒரு போதகர் வீட்டில் பிறந்தார். முதலாம் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர். தேசப்பற்று ரத்தத்தில் ஊறினவர். பிறகு ஊழியத்துக்கு வந்து, 1931-ல் பெர்லின் பட்டணத்தில் டாலம் சபைக்குப் போதகரானார். தோற்றுப்போன தேசத்தைத் தூக்கி நிறுத்துவேன் என்று ஹிட்லர் வந்தபோது இவரும் நம்பினார். அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட்டார். ஜெபிக்கிற மனுஷன்தான், ஆனாலும் ஏமாந்துபோனார்!

1933-ல் ஹிட்லரின் ஆட்கள் சபைக்குள் கை வைத்தார்கள். யூத வம்சத்தில் பிறந்த ஊழியர்களைத் தள்ளிவிடச் சொன்னார்கள். அப்போதுதான் நீமோலர் விழித்தார். போதகர்களை ஒன்று சேர்த்தார். சில மாதத்தில் 7,000 பேர் கூடினார்கள். 1937 ஜூலை 1-ந் தேதி கைதானார். 1938-ல் கோர்ட்டு விதித்த 7 மாதத் தண்டனையை ஏற்கெனவே அனுபவித்து முடித்திருந்தார். ஆனாலும் வீட்டுக்கு விடவில்லை. ரகசியப் போலீஸ் முகாமுக்குக் கொண்டுபோனது. சாக்சன்ஹவுசன், பிறகு டாக்காவ். 1945 வரை ஏறக்குறைய 8 வருஷம்!

இதுவரைக்கும் கேட்டால் அல்லேலூயா சொல்லத் தோணும். ஆனா என்னை உடைத்தது இனிமேல்தான்.

விடுதலையானபின் மனைவியோடு டாக்காவ் முகாமைப் பார்க்கப் போனார். பிணங்களை எரித்த சூளைக்குப் பக்கத்தில் ஒரு பலகை. 1933 முதல் 1945 வரை அங்கே எரிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை அதில் இருந்தது. அந்த 1933 என்ற வருஷம் அவரைக் குத்திற்று. 1937-க்குப் பிறகு ஜெயிலில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு முந்தின நாலு வருஷம்? கம்யூனிஸ்டுகளைப் பிடித்தார்கள், யூதரை அடித்தார்கள். இவரோ சபைக்காக மட்டுமே வாய் திறந்தார். ஏதேனில் ஆதாமைத் தேடிவந்த தேவன் தன்னையும் கேட்கிறதை உணர்ந்தார்.

சிறைவாசத்தைக் காட்டி அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் குற்றத்தை அறிக்கையிட்ட சபைத் தலைவர்களில் இவரும் ஒருவர். ஊர் ஊராய்ப் போய் அதையே பேசினார். சொந்த ஜனங்களே கோபப்பட்டார்கள். 1984-ல், 92 வயதில் மரித்தார்.

இன்றைக்கும் பல தேசங்களில், தேசத்தின் பேரைச் சொல்லி ஒரு மனுஷனைத் தேவனாக்குகிறார்கள். நான் என்ன செய்கிறேன்? சபைக்கு இடைஞ்சல் வந்தால் உபவாச ஜெபம் போடுகிறேன். வேறு ஜனங்களை அடித்தால் உலகக் காரியம் என்று கடந்துபோகிறேன். இதை எழுதும்போதே முழங்கால்படியிட்டேன். எழுப்புதல் வேணும்னு கேட்கிறோமே, பிரசங்கபீடத்தில் நிற்கிற நாம் முதலில் மனந்திரும்ப வேண்டாமா? கர்த்தர் தாமே நமக்கு இரங்குவாராக. ஆமென்.