டார்வின் வளர்த்த பூச்சியுண்ணிச் செடி

அறிஞர் சாள்ஸ் டார்வினை நம்மவருட் பலர் குரங்கோடு மாத்திரம் சேர்த்து நினைப்பர். இஃது அப்பெரியாருக்கு நாம் இழைக்கும் அநீதி என்பது என் கருத்து. அவருடைய முதுமைக்காலத்திற் பெரும்பகுதி பூந்தொட்டிகளோடு கழிந்தது. அத்தொட்டிகளில் வளர்ந்த மிகச் சிறிய செடியொன்றன் கதையை இங்குக் கூறப் புகுகின்றேன்.

1809இற் பிறந்த டார்வின், 'பீகிள்' என்னுங் கப்பலில் ஐந்தாண்டு உலகஞ் சுற்றி 1836இல் இங்கிலாந்து மீண்டார். 1842இற் கென்ற் பகுதியிலுள்ள டவுண் என்னுஞ் சிற்றூரிற் குடிபுகுந்தார். தீராத வயிற்றுநோய் அவரைப் பெரும்பாலும் அவ்வீட்டோடே இருத்திவிட்டது.

1860ஆம் ஆண்டுக் கோடையில் சசெக்ஸ் பகுதியிலே தங்கியிருந்தபோது, துரோசெரா என்னும் பனித்துளிச் செடி தன் பசைத்துளிகளாற் பூச்சிகளைப் பிடித்து வைத்திருத்தலைக் கண்டார். அதற்கு இறைச்சித் துணுக்கும் பாலும் ஊட்டிப் பார்த்தார். கணவர் அதனை ஈற்றில் விலங்கென்றே நிறுவிவிடுவார்போலும் என எம்மா அம்மையார் கடிதமொன்றிற் கேலி செய்தார். உயிரினத் தோற்றம் பற்றிய அவர் நூல் முந்திய ஆண்டே வெளிவந்து, நாடெங்கும் பெரும் வாதத்தைக் கிளப்பியிருந்தது. அவரோ இச்செடியிலேயே தமக்கு அக்கறை மிகுதி என்று நண்பர் லயலுக்கு எழுதினார்! 1863இல் தோட்டத்திற் கண்ணாடிக் குடிலொன்றும் எழுந்தது.

1874இல் வந்து சேர்ந்தது பட்டர்வோட். பிங்குவிக்குலா என்னும் இதன் இலத்தீன் பெயர், கொழுப்பைக் குறிக்குஞ் சொல்லடியாகப் பிறந்தது. நெய் பூசினாற்போன்ற இலைகள் ஈரநிலத்தோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். ஈழத்தில் இஃது இல்லை. எனினும், இதே குடும்பத்து யுத்திரிக்குலேரியா நம் குளங்களிலும் வயல்களிலும் உண்டு.

கம்பலாந்து மலைகளில் இதன் இலைகளிற் பூச்சிகள் ஒட்டியிருந்தமையை அன்பர் ஒருவர் கண்டிருந்தார். பின்னர் வட வேல்சிலிருந்து 39 இலைகள் டார்வினுக்கு வந்தன. அவற்றுள் 32 இலைகளில் 142 பூச்சிகளை அவர் எண்ணினார். நோயாளியான முதியவர் ஒருவர் இவ்வாறு கொசுவும் ஈயும் எண்ணியிருந்தாரென்பதை மாணவர் நினைவிற் கொள்க.

இளம் இலையொன்றன் ஒரு விளிம்பில் மாத்திரம் சிற்றீக்களை வரிசையாக வைத்தார். 15 மணி நேரத்தின்பின் அவ்விளிம்பு காதுமடலின் ஓரம்போல உள்ளே மடிந்து ஈக்களை ஓரளவு மூடியிருந்தது. மற்றை விளிம்பு அசையவில்லை. கண்ணாடித் துணுக்கிட்டபோதும் சிறிது மடிந்தது. ஆனால் இலையின் சுரப்பு அமிலமாகவில்லை. இறைச்சி முதலிய நைதரசன் பொருள்களை இட்டபோதே அமிலமாயிற்று. காற்றில் வந்தொட்டும் விதைகளிலிருந்தும் அச்செடி உணவு பெறுமென்று கண்டார்.

ஒன்று அவரை மயக்கியது. இரை செரிக்குமுன்னரே விளிம்பு மீண்டும் விரிந்துவிடுகின்றது. அங்ஙனமாயின் மடிதலாற் பயன் யாது? மழையில் இரை அடித்துச் செல்லப்படாது காத்தலும், பெரிய பூச்சியை இலைநடுவுக்குத் தள்ளுதலுமாகலாம் என்று கருதினார்.

பூச்சியுண்ணுஞ் செடிகள் பற்றிய அவர் நூல் 1875இல் வெளிவந்தது. பூச்சியை உண்பதாற் செடிக்கு நன்மை உண்டோவென ஐயுற்றாரும் இருந்தனர். அவர் மகன் பிரான்சிஸ், பனித்துளிச் செடிகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு மட்டும் வறுத்த இறைச்சி ஊட்டினார். ஊட்டப்பெற்றவை மற்றவற்றினும் இருமடங்குக்கு மேலான விதைகளை ஈந்தன. அம்முடிவு 1878இல் வெளியானபோது தந்தையார் உயிரோடிருந்தார். நான்காண்டின் பின், 1882இல், டவுண் வீட்டிலேயே காலமானார்.