கவிமணியும் நாஞ்சில் நாடும்

நெல்வயல்களும் தாமரைக் குளங்களும் நிறைந்த நாடு நாஞ்சில் நாடு. முன்னர்த் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்த இந்நாடு, 1956-ஆம் ஆண்டில் கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாகித் தமிழகத்தோடு இணைந்தது. இங்குள்ள தேரூரில், 1876-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27-ஆம் நாள் தேசிக விநாயகம் பிள்ளை பிறந்தார். தந்தையார் சிவதாணுப் பிள்ளை. தாயார் ஆதிலட்சுமி அம்மையார்.

இளமையில் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தமிழ் பயின்ற இவர், பின்னர் ஆசிரியரானார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலும் பணியாற்றி, 1931-இல் ஓய்வு பெற்றுப் புத்தேரியில் வாழ்ந்தார். குழந்தைகளுக்காக இனிய பாடல்கள் பல இயற்றிய இவருக்கு, 1940-ஆம் ஆண்டில் சென்னையில் 'கவிமணி' என்னும் பட்டம் வழங்கப்பெற்றது.

அக்காலத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி என்னும் முறை நிலவியது. ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து, பெற்ற மக்களுக்குச் செல்லாது. உடன்பிறந்தாளின் மக்களுக்கே சேரும். உகந்துடைமை என்ற பெயரால் மனைவி மக்களுக்குச் சிறு பங்கு உண்டெனினும், அதனைப் பெறுவதற்கு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்க நேர்ந்தது. வழக்கு வளர வளர, வயல்கள் தேய்ந்தன.

கணவனை இழந்தோர்க்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் எதுவும் அன்று இல்லை. குடும்பமே அவர்களுக்குப் புகலிடம். அப்புகலிடத்தை யாருக்குத் தருவது என்பதை வழக்கம் முடிவு செய்தது. சட்டமும் அவ்வழக்கத்தையே ஏற்று நடந்தது. ஆகவே, கணவனோடு ஆண்டாண்டு காலம் உழைத்த மனைவி, அவன் மறைந்ததும் பிள்ளைகளோடு வீட்டை விட்டு வெளியேற நேரிட்டது.

கவிமணியும் அச்சமூகத்தில் பிறந்தவரே. தம்மவர் குறையை மூடி மறைக்க அவர் விரும்பவில்லை. கடிந்து உரைக்கவும் இல்லை, நகைச்சுவையை மேற்கொண்டார். பெரிய குடும்பத் தலைவர் ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண், தன் துயரத்தைத் தானே கூறுவதாக 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நூலை இயற்றினார். அது 1917, 1918-ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' இதழில் தொடர்ந்து வெளிவந்தது. படித்தோர் முதலில் நகைத்தனர். பின்னர்த் தம் வீட்டுப் பெண்களின் நிலையை நினைந்து நாணினர்.

சீர்திருத்தம் வேண்டிய பலருடைய முயற்சிக்கு இந்நூல் துணையாயிற்று. 1925-இல் திருவிதாங்கூர் நாயர் சமூகத்தாரின் சொத்துரிமை பற்றிய சட்டம் திருத்தம் பெற்றது. அடுத்த ஆண்டில், அஃதாவது 1926-இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. அதனால் மனைவியும் மக்களும் சொத்தில் உரிமை பெற்றனர்.

கவிமணி 1954-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் மறைந்தார். சட்டம் அரசவையில் எழுதப்படுவதற்கு முன்னர், மக்கள் உள்ளத்தில் எழுதப்பட வேண்டும். எளியோரைக் காப்பது அறம் என்று மக்கள் உணர்ந்தால், அரசும் அவ்வழியில் நடக்கும். அவ்வுணர்வை நாஞ்சில் நாட்டில் விதைத்த கவிமணியின் புகழ் என்றும் நிலைபெறுவதாகும்.