மாருதி என்ஜினில் ரேஸ் கார் செய்த கோவை கரி! பார்முலா-1 வரை போன பாதை

காரைக்குடி பக்கம் செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள் ஒரு பழைய விமான ஓடுதளம் கிடக்கிறது. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் வெள்ளைக்காரன் போட்டது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது தெரியாத இடம் இல்லை. போர் முடிந்தது, விமானங்களும் போயின. தளம் மட்டும் தங்கிவிட்டது.

இதே மாதிரி ஒரு ஓடுதளம் சென்னைக்கு வடக்கே செங்குன்றம் தாண்டி சோழவரத்திலும் இருந்தது. அதுவும் போர்க்காலத்து தளம்தான். ஆனால் அதன் தலையெழுத்து வேறு. அங்கே ரேஸ் கார்கள் ஓடின. ஆங்கில எழுத்து 'டி' வடிவத்தில் அமைந்த அந்தப் பாதையில்தான் கோவைக்கார இளைஞர் ஒருவர் காரை விரட்ட ஆரம்பித்தார்.

அவர் பெயர் சுந்தரம் கரிவரதன். ரேஸ் உலகத்தில் எல்லோருக்கும் கரி. அடுப்புக்கரி அல்ல, பெயரின் சுருக்கம்!

மில்லுக்காரர் வீட்டுப் பிள்ளை

1954-ல் பிறந்தவர் கரி. கோவை லட்சுமி மில்ஸ் குடும்பம். 1910-ல் ஜி.குப்புசாமி நாயுடு தொடங்கிய அந்த மில்லை கோவையில் தெரியாதவர் இல்லை. வீட்டில் பணத்துக்குப் பஞ்சம் கிடையாது. ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாலே காலம் சுகமாக ஓடியிருக்கும்.

ஆனால் அவர் பிறந்த ஊர் கோவை ஆச்சே! மோட்டார் பம்பு, பவுண்டரி, லேத் பட்டறை என்று தெருவுக்குத் தெரு இரும்புச் சத்தம் கேட்கும் ஊர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு, 1920-ல் ஒற்றை பஸ்சோடு தொழில் தொடங்கி, பிறகு மோட்டார்களையும் கருவிகளையும் கழற்றிப் பூட்டியே பெயர் வாங்கிய ஜி.டி.நாயுடுவின் ஊர். ஒரு என்ஜினைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் புத்தி அந்த ஊர் மண்ணிலேயே உண்டு. அந்தப் புத்தி கரிக்கும் வாய்த்தது. ஓட்டுகிற கை ஒரு பக்கம், கிரீஸ் ஒட்டுகிற கை இன்னொரு பக்கம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளில் முதல் வகை நிறைய உண்டு. இரண்டாவது வகை ரொம்ப அபூர்வம்.

சோழவரம் திருவிழா

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. சோழவரம் ரேசை நடத்தியது அந்த கிளப்தான். ரேஸ் நாளில் சோழவரம் திருவிழா கோலம்! வெயிலில் காய்ந்தபடி ஜனம் பாதை ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கும்.

ஓடியது என்னென்ன வண்டி தெரியுமா? டாக்சி ஸ்டாண்டில் நிற்கும் அதே அம்பாசடர், அதே பியட், அதே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சீட்டைக் கழற்றி எடை குறைப்பார்கள். என்ஜினைச் சுரண்டிச் செதுக்கி வேகம் ஏற்றுவார்கள். சைலன்சரைக் கழற்றினால் வரும் சத்தத்துக்கே கூட்டம் விசில் அடிக்கும்.

இன்னொரு பக்கம் வெளிநாட்டு ஒற்றை சீட் கார்கள். அவை ராஜா வீட்டு வாரிசுகளுக்கும் பெரிய கம்பெனி முதலாளிகளுக்கும் மட்டும்தான் எட்டும். கொண்டல் சமஸ்தானத்து இளவரசர் அங்கே ஓட்டியிருக்கிறார். சாராய அதிபர் விஜய் மல்லையா 1980-களில் என்சைன் என்ற பழைய பார்முலா-1 காரையே கொண்டுவந்து இறக்கினார். மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்ததோடு சரி.

அந்தக் காலத்து சட்டதிட்டம் அப்படி. புதுக் கார் வாங்கவே பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கணும். வெளிநாட்டில் இருந்து ரேஸ் கார் கொண்டுவந்தால், கார் விலையைவிட சுங்கவரி கூட. ஒரு போல்ட் உடைந்தால் அதுவும் கப்பலில் வரணும். அப்புறம் எங்கே ஏழை வீட்டுப் பையன் ரேஸ் ஓட்டுவது? நடுத்தர வீட்டுப் பையனுக்கே வழி இல்லை.

கரிக்கு வழி இருந்தது. அவரும் வெளிநாட்டுக் காரை வாங்கி ஓட்டி, கோப்பை வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதோடு நிற்கவில்லை. அங்கேதான் அவர் கதை மற்ற ரேஸ்காரர்கள் கதையில் இருந்து பிரிகிறது.

சின்ன வண்டி ஏன் முக்கியம்?

வெளிநாட்டில் ரேஸ் ஓட்டுகிறவன் திடீரென்று பெரிய காரில் ஏறி உட்கார மாட்டான். முதலில் கார்ட். தரையோடு தரையாக ஓடும் சின்ன வண்டி அது. மேலே கூரை கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. நாலு குழாயை வளைத்து, பின்னால் ஒரு சின்ன என்ஜினை மாட்டினால் கார்ட். 1956-ல் அமெரிக்காவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்ற மெக்கானிக் புல்வெட்டும் மெஷின் என்ஜினை வைத்துச் செய்ததுதான் முதல் கார்ட்.

ஜெர்மனியின் மைக்கேல் ஷூமேக்கர் 7 முறை உலக சாம்பியன். அவர் அப்பா கொத்தனார். மகனுக்கு 4 வயதில், மிதிக்கிற பொம்மைக் காரில் மொபெட் என்ஜினை மாட்டிக் கொடுத்தார். அங்கே தொடங்கியதுதான் அத்தனையும். அமெரிக்காவில் கார்ட்டுக்கு அப்புறம் மண் தரையில் புழுதி பறக்க ஓடும் மிட்ஜெட் என்ற குட்டிக் கார்கள் உண்டு. வண்டி பக்கவாட்டில் வழுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து சமாளிக்கும் வித்தையை பையன்கள் அந்தப் புழுதியில்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

நம்ம நாட்டில் அன்றைக்கு இந்தப் படிக்கட்டு கிடையாது. ஒன்று அம்பாசடர், இல்லாவிட்டால் வெளிநாட்டு ராக்கெட். நடுவில் வெறும் பள்ளம். அந்தப் பள்ளத்தில் படி கட்டியவர்தான் கரி.

வந்தது மாருதி

1983 டிசம்பரில் மாருதி 800 கார் ரோட்டுக்கு வந்தது. 796 சிசி, மூணு சிலிண்டர். அம்பாசடர் என்ஜினோடு ஒப்பிட்டால் சின்னப் பையன். ஆனால் எடை குறைவு, சுறுசுறுப்பு ஜாஸ்தி. எல்லாவற்றையும்விட முக்கியம், சாமான் உள்ளூரிலேயே கிடைக்கும். உடைந்தால் கடைக்குப் போய் வாங்கி மாட்டிவிடலாம்.

இந்த என்ஜினை வைத்து 1980-களின் கடைசியில் கரி ஒரு ஒற்றை சீட் ரேஸ் கார் செய்தார். கோவையில் அவர் நடத்திய சூப்பர் ஸ்பீட்ஸ்தான் பட்டறை. இரும்புக் குழாயை வெல்டிங் செய்து கூடு. மேலே பைபர் உடம்பு. நாலு சக்கரமும் வெளியே தெரியும். மாருதியில் முன்னால் இருக்கும் என்ஜின் இதில் டிரைவர் முதுகுக்குப் பின்னால் போனது. கறிகாய் வாங்க மார்க்கெட்டுக்குப் போகிற காரின் என்ஜின், ரேஸ் மைதானத்தில் உறும ஆரம்பித்தது!

அதுதான் பார்முலா மாருதி.

அதில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. எல்லோருக்கும் ஒரே என்ஜின். அப்பன் எவ்வளவு பெரிய பணக்காரனாக இருந்தாலும் அந்தப் பையனின் காரில் மட்டும் தனி வேகம் கிடைக்காது. வளைவில் எவன் தைரியமாக, கணக்காகப் போகிறானோ அவன்தான் முதலில் வருவான். ரேஸ் என்பது பணத்துக்கும் பணத்துக்கும் நடக்கும் சண்டை என்று இருந்ததை, கைக்கும் கைக்கும் நடக்கும் சண்டையாக அந்தக் குட்டிக் கார் மாற்றியது. இதனால் ரேஸ் ஒன்றும் கூலித்தொழிலாளி வீட்டு விளையாட்டாகிவிடவில்லை. டயர், பெட்ரோல், ஹெல்மெட் என்று செலவு அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. ஆனாலும் கோட்டை மாதிரி மூடிக் கிடந்த இடத்தில் ஒரு சின்ன வாசலாவது திறந்தது.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேசுக்கென்றே நிரந்தரப் பாதை வந்தது. சோழவரம் கதை முடிந்தது. புதுப் பாதையில் கரியின் கார்கள் சீறிப்பாய்ந்தன.

கோவைப் பையன் வந்தான்

1992. அந்தப் பாதையில் பார்முலா மாருதி ஓட்ட 15 வயதுப் பையன் ஒருவன் வந்தான். நாராயணன் கார்த்திகேயன். அவனும் கோவைதான். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் மண் ரோட்டிலும் மலை ரோட்டிலும் கார் விரட்டி, தென்னிந்திய ராலியை 7 முறை ஜெயித்தவர். மகன் ஓட்டிய முதல் ரேசிலேயே மேடை ஏறிவிட்டான்.

அதே வருஷம் பிரான்சில் ரேஸ் பள்ளியில் பயிற்சி. 1993-ல் திரும்பி வந்து மறுபடியும் பார்முலா மாருதி. 1994-ல் இங்கிலாந்தில் பார்முலா போர்டு குளிர்காலப் போட்டித் தொடரில் சாம்பியன். ஐரோப்பாவில் ரேஸ் பட்டம் ஜெயித்த முதல் இந்தியன்!

கரி உயிரோடு இருக்கும்போதே இது நடந்தது. அவர் கட்டிய படியில் ஏறிய பையன் ஒருவன் கடல் தாண்டி ஜெயித்துவிட்டான். அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

வானத்து ஆசை

தரையில் ஓடியது போதாது என்று கரிக்கு வானத்தின் மேலும் ஆசை. மைக்ரோலைட் எனப்படும் இலகு ரக குட்டி விமானங்களில் இறங்கினார். இதுவும் கிட்டத்தட்ட கார்ட் மாதிரிதான். குழாய், துணி, சின்ன என்ஜின். கார்ட் நின்றுபோனால் இறங்கித் தள்ளலாம். இது நின்றுபோனால் இறங்க இடம் கிடையாது.

1995-ல் குட்டி விமானம் விழுந்து கரி இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 41. சோழவரத்தில் பாதுகாப்பு வேலி கூட சரியாக இல்லாத காலத்தில் காரை விரட்டியபோது ஒன்றும் ஆகாத மனுஷன்.

அதற்கு அடுத்த வருஷமே, 1996-ல், நாராயணன் கார்த்திகேயன் பார்முலா ஆசியா சாம்பியன் ஆனார். 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக பார்முலா-1 ரேசில் இறங்கினார். இந்தியாவில் இருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆள். அதே வருஷம் ஜூனில் அமெரிக்க ரேசில் 4-வது இடம், 5 புள்ளி. டயர் தகராறில் 14 கார்கள் விலகிவிட, வெறும் 6 கார்கள் ஓடிய ரேஸ் அது. யார் ஓடினால் என்ன, யார் விலகினால் என்ன, புள்ளி புள்ளிதானே!

2010-ல் சென்னைக்காரர் கருண் சந்தோக் பார்முலா-1-க்குப் போன இரண்டாவது இந்தியர் ஆனார். அவர் ரேஸ் ஓட்டத் தொடங்கியது 2000-ல். எந்த வண்டியில்? அதே பார்முலா மாருதி! அந்த வருஷம் 10 ரேசில் 7-ஐ ஜெயித்து தேசிய சாம்பியன் பட்டத்தைத் தூக்கினார். ஆக, இந்தியாவில் இருந்து பார்முலா-1 ஓட்டிய இரண்டு பேருமே கரி செய்த குட்டிக் காரில் உட்கார்ந்து எழுந்தவர்கள். இரண்டையும் பார்க்க அவர் இல்லை.

மறுபடியும் ஒரு ஓடுதளம்

கோவை பக்கம் செட்டிபாளையத்திலும் ஒரு ஓடுதளம் இருந்தது. போர்க்காலத்தில் போட்டது இல்லை. குட்டி விமானங்களைச் சோதனை பார்ப்பதற்காகப் போட்டது. கோவை தொழிலதிபரும் பழைய ரேஸ்காரருமான பி.விஜயகுமார் அந்த இடத்தை ரேஸ் பாதையாக மாற்றினார். 2.1 கிலோமீட்டர் நீளம். 2003-ல் திறப்பு விழா. பெயர், கரி மோட்டார் ஸ்பீடுவே.

தேசிய அளவிலான கார் ரேஸ், பைக் ரேஸ் பல அங்கே நடந்திருக்கின்றன. பார்முலா பாரத் என்ற போட்டிக்காக நாட்டின் பல மூலைகளில் இருந்து இன்ஜினீயரிங் கல்லூரி மாணவர்களும் அங்கே வந்திருக்கிறார்கள். ஓட்டுவதற்குக் கார் வாங்கிக்கொண்டு வரக்கூடாது என்பது அந்தப் போட்டியின் விதி. கல்லூரிப் பட்டறையில் குழாயை வெட்டி, வெல்டிங் வைத்து, என்ஜின் மாட்டி, தாங்களே செய்த ஒற்றை சீட் காரைத்தான் கொண்டுவரணும். முதலில் நடுவர்கள் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்ப்பார்கள், பிரேக் பிடிக்கிறதா என்று சோதிப்பார்கள். அதில் தேறிய வண்டிகளுக்குத்தான் கரியின் பெயர் கொண்ட அந்தப் பாதையில் ஓட அனுமதி.