நூல் பிடித்துக் கடல் கடந்தவர்

நியூயார்க்கில் ஓட்டல் நடத்திய ரேமண்ட் ஆர்ட்டீக் என்ற செல்வர், 1919-ஆம் ஆண்டில் ஒரு பரிசை அறிவித்தார். நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் இடையே எங்கும் இறங்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர்! எட்டு ஆண்டுகள் ஓடின. முயன்றவர்களில் சிலர் மாண்டார்கள். பரிசு மட்டும் அப்படியே இருந்தது.

அதைப் பெற எண்ணினார் ஓர் இளைஞர். அவர்தான் சார்லஸ் லிண்ட்பர்க். 1902 பிப்ரவரி 4-ந் தேதி அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். செயிண்ட் லூயிஸ் நகரிலிருந்து சிகாகோவுக்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார்.

பூகோள உருண்டை

1927-ஆம் ஆண்டு சாண்டியாகோ நகரில் அவருக்காக ஒரு விமானம் தயாராயிற்று. எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? தூரம் தெரிந்தால் அல்லவா சொல்ல முடியும்!

லிண்ட்பர்க் நகர நூல்நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த பூகோள உருண்டையில் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தார். சுமார் 3,600 மைல் வந்தது.

தட்டையான தேசப்படத்தில் கோடு கிழித்தால் இந்த வழி கிடைக்காது. பூமி உருண்டை. ஆகவே மிகக் குறுகிய பாதை வடக்கே வளைந்து, நோவா ஸ்கோஷியா, நியூபவுண்ட்லாந்து வழியாகச் செல்கிறது. பார்வைக்குச் சுற்று வழி. உண்மையில் அதுவே குறுக்கு வழி!

நூறு மைலுக்கு ஒரு திருப்பம்

அந்த வளைவை அவர் நூறு நூறு மைல்களாகப் பிரித்தார். மணிக்கு நூறு மைல் வேகம் என்றால், ஒரு துண்டுக்கு ஒரு மணி நேரம். மணிக்கு ஒரு முறை திசைகாட்டியைப் பார்த்து விமானத்தைச் சற்றே திருப்ப வேண்டும். சுமார் 36 மணி நேரத்தில் பாரிஸ். இதுதான் கணக்கு.

450 காலன் பெட்ரோலைச் சுமப்பதற்காக ரேடியோவையும் பாராசூட்டையும் விட்டுவிட்டார். தேசப்படத்தின் வேண்டாத ஓரங்களைக்கூடக் கத்தரித்து எறிந்தார். கணக்குத் தவறினால் கடல்தான் கதி!

மே 20-ந் தேதி காலை 7-52 மணிக்குத் தன்னந்தனியாகப் புறப்பட்டார். முந்திய இரவும் தூக்கமில்லை. மூடுபனி, இறக்கையில் படிந்த பனிக்கட்டி, கண்ணைச் சுழற்றும் உறக்கம் எல்லாவற்றோடும் போராடினார். மறுநாள் அயர்லாந்துக் கரை தெரிந்தது. குறித்த பாதையிலிருந்து விலகியது சுமார் மூன்றே மைல்! பின்காற்றின் உதவியால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

பாரிசில் இறங்கியபோது அங்கே இரவு 10-22 மணி. கடிகாரப்படி 38½ மணி நேரம். இரு நகரங்களின் அன்றைய நேர வித்தியாசம் ஐந்து மணியைக் கழித்தால், பறந்தது 33½ மணி நேரம். கடந்த தூரம் சுமார் 3,610 மைல். தொட்டியில் பெட்ரோல் மீதம் இருந்தது. ஆர்ட்டீக் பரிசும் அவருக்கே கிடைத்தது.

1974 ஆகஸ்ட் 26-ந் தேதி ஹவாய்த் தீவுகளில் லிண்ட்பர்க் காலமானார். இன்று அதே தூரத்தை ஜெட் விமானம் சுமார் ஏழு மணி நேரத்தில் கடக்கிறது. எதிர்காற்று வீசுவதால் திரும்பி வர எட்டு மணிக்கு மேலாகிறது. இயந்திரம் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் உருண்டை மேல் வளையும் குறுகிய பாதை, வேகம், காற்று, கடிகார வித்தியாசம் — விமானப் பிரயாணத்துக்கு இன்றும் கணக்கு இவைதாம்.