வெறுங்கையின் வலிமை

நுழையும்முன்

உடல்வலிமை ஒரு செல்வம். செல்வத்தைச் சேர்ப்பதைவிட அதை எங்கே செலவிடுவது, எங்கே செலவிடாமல் காப்பது என்று அறிவது அரிது. நோயுற்ற குழந்தையாகப் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, தம் தீவின் கலையை உலகக் கலையாக்கிய ஒருவர் அவ்வறிவை வாழ்நாள் முழுதும் தேடினார். அவரது வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

பருத்தி ஏலத்திற்கும் முருங்கைச் சாகுபடிக்கும் பெயர்பெற்றது திருப்பூர் மாவட்டத்து மூலனூர். இத்தகைய கொங்குநாட்டு ஊர்களிலும் இன்று வெண்ணிறப் பருத்தியுடை அணிந்து, இடையில் வண்ணப் பட்டை கட்டிய சிறுவர் சிறுமியர் கராத்தே பயில்கின்றனர். பயிற்சி தொடங்கும்போதும் முடியும்போதும் ஆசிரியரைத் தலைதாழ்த்தி வணங்குகின்றனர். குத்தும் உதையும் கற்பிக்கும் கலை வணக்கத்தில் தொடங்குவது ஏன்? இவ்வினாவுக்கான விடை, ஒகினாவாத் தீவில் பிறந்த கிச்சின் ஃபுனகோஷியின் வாழ்வில் இருக்கிறது.

இளமையும் நோயும்

ஒகினாவா, சப்பானின் தென்கோடியில் உள்ள தீவு. அது ரியூக்யூ என்னும் தனி அரசின் பகுதியாக விளங்கிப் பின்னர், 1879இல், சப்பானின் ஒரு மாவட்டமாக இணைக்கப்பட்டது. அவ்வரசின் தலைநகரான ஷூரியில் 1868ஆம் ஆண்டு ஃபுனகோஷி பிறந்தார். குறைமாதத்தில் பிறந்த அவர் நெடுநாள் வாழமாட்டார் என்றே குடும்பத்தார் எண்ணினர். தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியும் அவரைப் பேணி வளர்த்தனர். பாட்டனாரிடம் அவர் சீனச் செவ்வியல் நூல்களைக் கற்றார். கல்வியில் சிறந்தாரெனினும் உடல் நலிந்தே இருந்தது.

அவருடைய பள்ளித் தோழர் ஒருவரின் தந்தை அசாதோ, கராத்தேயில் வல்லவர். அவரிடம் ஃபுனகோஷி மாணவரானார். அக்காலத்தில் அக்கலை வெளிப்படையாகக் கற்பிக்கப்படவில்லை. நம் நாட்டுச் சிலம்பம்போல ஆசிரியரிடமிருந்து மாணவர் நேரில் கற்றுவந்த கலை அது. ஃபுனகோஷி இரவில் விளக்கேந்தி ஆசிரியர் வீட்டுக்குச் சென்று, முற்றத்தில் பயின்று, விடியும் வேளையில் வீடு திரும்புவார். ‘கட்டா’ எனப்படும் அசைவு வரிசை ஒன்றையே பல மாதங்கள் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். ஆசிரியர் நிறைவடையும்வரை அடுத்ததற்குச் செல்ல இயலாது. மூன்று கட்டாக்களைக் கற்கவே அவருக்குப் பத்தாண்டுகள் ஆயின. இவ்வாறு பயின்ற சில ஆண்டுகளில், தம்மை விட்டகலாத நோய் அகன்றுவிட்டதை அவர் உணர்ந்தார். அசாதோவின் நண்பரான இதோசு அவருக்கு மற்றோர் ஆசிரியராக அமைந்தார்.

ஆசிரியப் பணி

மருத்துவராக வேண்டும் என்பது ஃபுனகோஷியின் விருப்பம். ஆயின், மருத்துவக் கல்விக்குச் செல்வோர் பழைய வழக்கப்படி வைத்திருந்த குடுமியைக் களையவேண்டும் என்பது அரசின் விதி. மரபில் ஊன்றிய குடும்பத்தார் அதற்கு இசையவில்லை. மருத்துவக் கனவு கலைந்தது. பின்னர் 1888இல் தொடக்கப்பள்ளி உதவி ஆசிரியரானபோது, அப்பணிக்காக அவர் குடுமியைக் களைந்தார். பெற்றோர் பெரிதும் வருந்தினர்.

ஆசிரியப் பணியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. ஊதியம் குறைவு, குடும்பமோ பெரிது. அவருடைய மனைவி பகலில் காய்கறி பயிரிட்டார். இரவில் துணி நெய்தார். நூலுக்கு முன்னரே சாயமேற்றி நெய்யும் ‘கசூரி’ என்னும் அத்துணியின் கூலி, குடும்பம் நடக்க உதவியது. கணவர் பயிற்சிக்குச் செல்வதற்கு அவர் ஒருநாளும் தடைசொல்லவில்லை. தறியோசை கேட்டு வளர்ந்த திருப்பூர்ப் பகுதி மாணவர்கள் அவ்வுழைப்பின் அருமையை எளிதில் உணர்வர்.

இக்காலத்தில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 1901ஆம் ஆண்டு இதோசுவின் முயற்சியால் கராத்தே ஷூரியின் தொடக்கப்பள்ளியில் உடற்பயிற்சிப் பாடமாக நுழைந்தது. மறைவில் பயின்ற கலை பள்ளி முற்றத்துக்கு வந்தது. மாணவர்க்கு ஏற்றவாறு ஐந்து எளிய கட்டாக்களையும் இதோசு அமைத்தார். அவற்றை ஃபுனகோஷி பின்னாளில் ‘ஹெய்யான்’ என அழைத்தார். அமைதி என்பது அச்சொல்லின் பொருள். போர்க்கலையின் முதற்பாடத்துக்கு அமைதி எனப் பெயரிட்டது அவர் உள்ளத்தைக் காட்டும்.

படையற்பண்டமும் இரு கள்வரும்

இளமையில் ஓரிரவு, முன்னோர்க்குப் படைப்பதற்கென இனிப்புப் பண்டங்களை எடுத்துக்கொண்டு ஃபுனகோஷி தனிவழியே சென்றார். இருவர் அவரை மறித்துப் பணம் கேட்டு மிரட்டினர். அவரிடம் பணம் இல்லை. இருவரையும் வீழ்த்தும் ஆற்றல் அவருக்கு இருந்தது. எனினும் அவர் கை ஓங்கவில்லை. தம்மிடமிருந்த பண்டங்களை அவர்களிடம் கொடுத்துவிட்டு நடந்தார். நடந்ததைத் தம் ஆசிரியர்களிடம் கூறியபோது, அவர்கள் அவரை மனமாரப் பாராட்டினர். கற்ற கலையைக் காட்டாமல் விட்டதே அவர் பெற்ற தேர்ச்சி என்பது அவர்கள் கருத்து.

டோக்கியோவில் ஒரு காவலாளி

1922ஆம் ஆண்டு டோக்கியோவில் சப்பானியக் கல்வித்துறை உடற்பயிற்சிக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. ஒகினாவாவின் சார்பில் ஃபுனகோஷி அங்குச் சென்று கராத்தேயைச் செய்து காட்டினார். அப்போது அவருக்கு அகவை ஐம்பதைக் கடந்திருந்தது. விரைவில் ஊர் திரும்புவதே அவரது எண்ணம். ஆயின், ஜூடோ கலையின் நிறுவுநரான ஜிகோரோ கானோ அவரைத் தம் கோடோக்கன் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்தார். வேறு பலரும் கற்க விரும்பினர். ஃபுனகோஷி டோக்கியோவிலேயே தங்கினார்.

ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் அவருக்கு ஒரு சிற்றறை கிடைத்தது. அவர் விடுதியைப் பெருக்கினார், தோட்டத்தைப் பேணினார், இரவில் காவல் காத்தார். சமையற்காரருக்குக் கராத்தே கற்பித்து உணவுச் செலவைக் குறைத்துக்கொண்டார். கைப்பொருள் தீர்ந்தபோது தொப்பியையும் உடையையும் அடகு வைத்தார். ஒருநாள் அவர் தோட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கையில் செய்தியாளர் ஒருவர் வந்து, கராத்தே ஆசிரியர் எங்கே என அவரிடமே வினவினார். ஃபுனகோஷி விரைந்து உள்ளே சென்று, உடை மாற்றிக்கொண்டு, ஆசிரியராக அவர்முன் வந்து நின்றார். எத்தொழிலையும் இழிவென அவர் கருதவில்லை. முன்னோர் நினைவிடங்களை விட்டுவர மனமின்றி மனைவி ஒகினாவாவிலேயே தங்கிவிட்டார். வீட்டுக் கவலை வேண்டாம் என அவர் விடுத்த மடல்கள் ஃபுனகோஷிக்கு ஊக்கமளித்தன.

பெயரில் வந்த பொருள்

பின்னர்க் கெய்யோ பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் கராத்தே பரவியது. அப்பெயரைச் சீனத்துக் கை எனப் பொருள்தரும் எழுத்துகளால் எழுதுவது அன்றைய வழக்கம். ஒலிப்பை மாற்றாமல், வெறுங்கை எனப் பொருள்தரும் எழுத்துகளால் எழுதுவதை ஃபுனகோஷி நிலைநிறுத்தினார். ஒகினாவாவில் எதிர்ப்பு எழுந்தும் அவர் பின்வாங்கவில்லை. கருவி ஏந்தாத கை என்பது மட்டும் அதன் பொருளன்று; தன்னலமும் தீய எண்ணமும் நீங்கிய நெஞ்சு என்பதும் பொருளாகும். உள்ளே வெறுமையும் வெளியே நேர்மையும் கொண்ட மூங்கிலை அவர் அதற்கு உவமையாக்கினார்.

கராத்தேயை மோதிப் பார்க்கும் போட்டியாக்குவதை அவர் ஏற்கவில்லை. டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் கவசமணிந்து மோதும் முறையை உருவாக்கியபோது, அங்குக் கற்பிப்பதை நிறுத்திக்கொண்டார். இக்கருத்தில் உலகம் அவர் வழி செல்லவில்லை. இன்று கராத்தே போட்டி விளையாட்டாகவும் வளர்ந்துள்ளது. 2021இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. எனினும் தம்மை வெல்வதே முதல் வெற்றி என்னும் அவர் கொள்கை, பதக்கம் பெறுவோர்க்கும் பெறாதோர்க்கும் ஒப்ப உரியது.

இழப்பும் உறுதியும்

ஃபுனகோஷி கவிதை எழுதுகையில் ‘ஷோடோ’ என்னும் புனைபெயரைக் கொண்டார். காற்றில் அசையும் பைன் மரங்களைக் குறிப்பது அது. அவர்தம் மாணவர்கள் பொருள் திரட்டி 1930களில் எழுப்பிய பயிற்சிக்கூடம், அப்பெயரால் ‘ஷோடோகன்’ என வழங்கியது. 1945இல் வான்வழிக் குண்டுவீச்சில் அக்கூடம் அழிந்தது. அதே ஆண்டில், உடன்நின்று கற்பித்த மகன் யோஷிதாகா நோயால் இறந்தார். மாணவர் பலர் போரில் மாண்டனர். பிறந்த ஊராகிய ஷூரியும் போரில் சிதைந்தது. அங்கிருந்து வெளியேறி ஒய்ட்டா என்னும் பகுதிக்கு வந்திருந்த மனைவியுடன் ஃபுனகோஷி சேர்ந்து வாழ்ந்தார். 1947இல் மனைவியும் மறைந்தார். எழுபத்தொன்பது அகவையில் தனியராகி அவர் டோக்கியோ திரும்பினார்.

போருக்குப் பின் ஓரிரவு, முதியவரான அவரை வழிமறித்து ஒருவன் தாக்க முற்பட்டான். ஃபுனகோஷி ஒரே பிடியில் அவனை அடக்கிக் காவலரிடம் ஒப்படைத்தார். பிறர் இதனைப் பெருமையாகக் கருதலாம். அவரோ வெட்கினார். வேலையற்று வறுமையில் திரிந்த அம்மனிதன்மேல் அவருக்கு இரக்கமே மிகுந்தது. இளமையில் படையற்பண்டத்தைக் கொடுத்துவிட்டு நடந்த நாளினும், முதுமையில் கள்வனை அடக்கிய நாள் தமக்கு உயர்ந்ததன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அளவாக உண்டு, நாள்தோறும் பயின்று, ஒழுங்குடன் வாழ்ந்ததால் முதுமையிலும் அவர் உடல்நலத்துடன் விளங்கினார். 1949இல் மாணவர்கள் சப்பான் கராத்தே கழகத்தை நிறுவினர். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், எண்பத்தெட்டாம் அகவையில், அவர் இயற்கை எய்தினார். நெடுநாள் வாழாது என வீட்டார் அஞ்சிய குழந்தை, தன் காலத்தவர் பலரினும் நெடிது வாழ்ந்தது.

மாணவர்க்கென அவர் வகுத்த இருபது நெறிகளில் முதலாவது, கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடியவேண்டும் என்பது. முதல் அடியை நாம் அடிக்கலாகாது என்பது அடுத்தது. எதிரில் நிற்பவரை மதிக்கும் பண்பு இல்லாத கையில் வலிமை சேர்ந்தால், அது அவருக்கும் தீங்கு, தனக்கும் தீங்கு. ஆதலால்தான் குத்தக் கற்பதற்கு முன்னரே குழந்தைகள் வணங்கக் கற்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

கராத்தே பயில்வோர் அணியும் வெண்ணிற உடையும் இடைப்பட்டையும் ஜூடோவிலிருந்து கராத்தேக்கு வந்தவை. ஜிகோரோ கானோவுடன் ஃபுனகோஷிக்கு இருந்த நட்பு அதற்கு வழிவகுத்தது.

கற்பவை கற்றபின்

1. ஆற்றல் இருந்தும் அதனைப் பயன்படுத்தாமல் விடுவது கோழைத்தனமா, பெருந்தன்மையா? ஃபுனகோஷியின் வாழ்வில் நிகழ்ந்த இரு நிகழ்வுகளை ஒப்பிட்டு வகுப்பில் விவாதிக்க.
2. உங்கள் ஊரில் சிலம்பம் அல்லது கராத்தே கற்பிக்கும் ஆசிரியரைச் சந்தித்து, அங்குப் பின்பற்றப்படும் ஒழுக்க விதிகளைத் தொகுத்து எழுதுக.